பாளையங்கோட்டையிலிருந்து லிவிங்ஸ்டோனியா வரை: எட்டு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள், திங்கள்: பாளையங்கோட்டை

நேற்று ஆராதனை முடிந்ததும் சபையார் எனக்காக ஒரு சிறு அசனம் வைத்தார்கள். பந்தி முடிந்தபின் எங்கள் சபைக் குருவான ஐயர் என்னை முன்னால் அழைத்து நிறுத்தி, "அம்மாவை நாம் எல்லாரும் சேர்ந்து அனுப்புகிறோம்" என்று சொல்லி ஜெபித்தபோதுதான் இந்தப் பயணத்தின் பாரம் முழுமையாக என்மேல் இறங்கியது. 34 ஆண்டுகள் செவிலியராகவும், அதில் கடைசி 11 ஆண்டுகள் செவிலியருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவளாகவும் இருந்து ஓய்வுபெற்ற நான், 59ஆம் வயதில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டின் வடக்கே, லிவிங்ஸ்டோனியா என்ற மலையூரின் மிஷன் மருத்துவமனைக்கு இரண்டு ஆண்டு ஊழியத்துக்காகப் புறப்படுகிறேன். பிரசவ வார்டில் இளம் செவிலியருடன் நின்று பயிற்சிக்கு உதவுவது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை.

என் பயணச் செலவு பெரிய இடத்திலிருந்து வந்ததல்ல. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கையாகப் படைக்கும் வழக்கம் இன்னும் முழுவதும் அற்றுப்போகவில்லை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பிய காலத்திலிருந்து, ஊழியத்துக்குக் கொடுப்பது என்பது இங்கே ஏழை வீடுகளின் காரியமாகவே இருந்து வந்திருக்கிறது. அந்தச் சங்கத்தின் முதல் செயலாளரான வெள்ளாளன்விளை அசரியா, 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகங்களையெல்லாம் நன்றியோடு எடுத்துச் சொல்லிவிட்டு, முடிவில் "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். சிறு வயதில் இந்தச் சம்பவத்தை உபதேசியாராக, அதாவது ஐயருக்கு உதவியாகக் கிராமச் சபைகளில் போதிப்பவராக இருந்த என் தாத்தா சொல்லக் கேட்டபோது, கேட்கிறவர்கள் பக்கத்தில் நாம் இருக்கிறோம் என்ற பெருமையே எனக்கு இருந்தது. இப்போது போகிறவள் நான். அந்தக் கேள்வி என்னைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

இரண்டு பெட்டிகள். ஒன்றில் துணிமணி. மற்றொன்றில் நான் மூன்று மாதமாகத் தைத்த பாடப் பொருள்கள்: பழைய வாயில் சேலையும் பஞ்சும் கொண்டு செய்த துணிக் குழந்தை, அதற்குப் பின்னிய தொப்புள்கொடி, சிவப்புத் துணியில் நச்சுக்கொடி, கித்தான் துணியில் இடுப்பெலும்பு. இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள், சந்திப்பில் நிற்கும்போதே மேல்காற்றில் ஈரம் இருந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்: சென்னை

எத்தியோப்பியா வழியாகப் போவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும் என்பதால் சென்ற மாதமே அதை முடித்துவிட்டேன். இப்படிப் போக நினைக்கிறவர்கள் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடக் கூடாது.

மும்பைக்கு விமானம் இரவில்தான். இடையில் ராயபுரம் போய், நான் பயிற்சி பெற்ற ரெய்னி மருத்துவமனையை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பிரியத்தால் மட்டும் போகவில்லை. 1888இல் சென்னைக்கு வந்த பெண் மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயிலின் பணியிலிருந்து வளர்ந்தது அந்த மருத்துவமனை. அவரை அனுப்பியது ஸ்காட்லாந்து சுயாதீன சபை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர் வந்ததும் அதே சபையிலிருந்துதான். 1875இல் மலாவி ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கியதும் அதே சபைதான். ராயபுரத்தில் நான் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்ட முறையும், நான் போகப்போகும் மலையில் கற்றுக்கொடுக்கப்பட்ட முறையும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு கண்டங்களுக்குப் பிரிந்தவை. இதை நினைத்தபோது, முன்பின் தெரியாத இடத்துக்குப் போகிறோம் என்ற பயம் சற்றுத் தணிந்தது.

மூன்றாம் நாள், புதன்: அடிஸ் அபாபா, லிலாங்வே

விடியற்காலையில் மும்பையை விட்டு, காலையில் அடிஸ் அபாபாவில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிற நகரம் அது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தால் கொடைக்கானல் வெயில். மாற்று விமானத்தில் தெற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் போய், பிற்பகலில் மலாவியின் தலைநகரான லிலாங்வேயில் இறங்கினேன். இங்கே கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவைக்க வேண்டும். வண்டிகள் நம் ஊர் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன.

விமானத்தில் தூக்கம் வரவில்லை. முதல் குழுவின் பயணத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இ. டி. யங் தலைமையில், இளம் மருத்துவர் ராபர்ட் லாஸ் உட்பட, 1875 மே மாதம் லண்டனில் கப்பலேறியவர்கள், ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து சாம்பெசி ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்து, அங்கிருந்து ஷைர் ஆற்றில் ஏறி ஏரிக்குள் நுழைந்தது அக்டோபரில். 'இலாலா' என்ற நீராவிப் படகை அவர்கள் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, ஆற்றின் முகத்துவாரத்தில் பூட்டினார்கள். ஷைர் ஆற்றில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு அருவிகளும் பாறைகளும் குறுக்கிட்டதால், படகை மறுபடியும் கழற்றிக் கரை வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தூக்கிப் போனவர்கள் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த 700, 800 பேர். கொதிக்கிற இரும்புத் தகடுகளும் கொதிகலனின் பாகங்களும் அவர்கள் தலையில் ஏறிப் போயின. எல்லாம் ஒன்றும் தொலையாமல் மேலே போய்ச் சேர்ந்தன. படகின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைக்கப் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டவள்.

என் பெட்டிகளில் ஒன்றுதான் வந்தது. பாடப் பொருள்கள் இருந்த பெட்டி எங்கோ தங்கிவிட்டது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது.

நான்காம் நாள், வியாழன்: லிலாங்வே

பெட்டியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. எழுத அதிகம் இல்லாத நாள், ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தங்கியிருக்கும் விருந்தினர் விடுதியில் மதியம் சாப்பிட உட்கார்ந்ததும், ஒரு பெண் செம்பில் வெதுவெதுப்பான நீரும் ஒரு பேசினும் கொண்டுவந்து, ஒவ்வொருவர் முன்னும் குனிந்து கையில் நீர் ஊற்றினார். அதன் பிறகு வந்தது ந்சிமா. வெள்ளைச் சோள மாவைக் கொதிநீரில் கிளறி, கட்டையான அகப்பையால் ஈரப்பதத்தோடு உருட்டி வைப்பது. கம்பங்களியை உருட்டித் தின்று வளர்ந்த எனக்கு அதை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிறிது பிட்டு, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி, அதில் குழம்பை அள்ளிக்கொள்ள வேண்டும். தொட்டுக்கொள்ள வெண்டைக்காய், கொழகொழப்பு போகாமல் சமைத்தது. பரிமாறியவர் என் விரல்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். "இவர் வீட்டில் வளர்ந்தவர்" என்று சொல்கிறார் என மொழிபெயர்த்தார்கள். நான்கு நாளில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அது.

ஐந்தாம் நாள், வெள்ளி: லிலாங்வேயிலிருந்து ம்சூசு

இங்குள்ள திருச்சபையின் ஆட்சிமன்றமான வடக்கு சினோடின் வண்டியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வண்டி ஓட்டியவர் ஒரு சபை மூப்பர். பின் இருக்கையில் 'அபூசா' ஒருவர், அதாவது ஆயர். சுமார் 360 கிலோமீட்டர் தூரம். கசுங்கு வரைக்கும் இருபுறமும் புகையிலைக் கொட்டகைகளும் அறுவடை முடிந்த சோளக் கொல்லைகளும். இது இங்கே குளிர்காலம், மழையில்லாத காலம். வீட்டு முற்றங்களில் மூங்கில் தட்டியால் செய்த குதிர்கள் நிறைந்திருந்தன. ஆளுயரத்துக்குத் தரையிலிருந்து தூக்கி வைத்த அந்தக் குதிர்களைப் பார்த்ததும், எலிக்குப் பயந்து எங்கள் பாட்டி வைத்திருந்த மண் குலுக்கை நினைவுக்கு வந்தது. பிற்பகலில் விப்யா மேட்டுநிலத்தின் பைன் காடுகளுக்குள் நுழைந்தோம். மரம் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது.

வழியில் நடந்த உரையாடலையே நான் இங்கே முக்கியமாகப் பதிய விரும்புகிறேன். "உங்கள் ஊருக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர் யார்?" என்று அபூசாவிடம் கேட்டேன். ராபர்ட் லாஸ் என்ற பெயரை எதிர்பார்த்தே கேட்டேன். அவர் தயங்காமல், "வில்லியம் கோயி" என்றார்.

கோயி ஒரு கோசா இனத்தவர். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், ஸ்காட்லாந்து மிஷனின் லவ்டேல் பள்ளியில் படித்தவர். 1876இல் அந்தப் பள்ளியின் டாக்டர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏரிக்கரை ஊழியத்துக்கு ஆள் கேட்டபோது முன்வந்த நால்வரில் அவர் ஒருவர். மற்ற மூவர் சாத்ராக் ம்ங்குனானா, ஐசக் வோகோப், மபாசா ந்தின்திலி. பள்ளி ஆசிரியராக இருந்த சாத்ராக் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்து ஏரிக்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். உடல்நிலை கெட்டு ஊர் திரும்பிய வோகோப், நாற்பது ஆண்டுகள் கழித்து, 1917இல் மெண்டி என்ற துருப்புக் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னாப்பிரிக்கர்களுடன் உயிர்விட்டார்.

இந்த மலைநாட்டை அப்போது ஆண்டவர்கள் ந்கோனி மக்கள். தெற்கே சூலு நாட்டுப் பக்கமிருந்து ஸ்வாங்கெண்டாபா என்ற தலைவரின் கீழ் புறப்பட்டு, 1835இல் சூரிய கிரகணத்தன்று சாம்பெசி ஆற்றைக் கடந்து வடக்கே வந்தவர்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் அவர்கள் படையெடுப்புக்கு நடுங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரர்களோடு அவர்களுக்குப் பேச்சு இல்லை. கோயி வாயைத் திறந்ததும், தங்கள் பாட்டன் பேசிய மொழியின் உறவுமொழி அவர்கள் காதில் விழுந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவன், ஆனால் சொந்தக்காரனைப் போலப் பேசுகிறான். அரசன் ம்பெல்வா அவரைத் தன் ஊரில் குடியிருக்க விட்டான். பள்ளி நடத்த அனுமதி மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. கோயி ஜுயூ என்ற ஊரில் குடியிருந்து, வீடு வீடாகப் போய்ப் பேசி, பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து, படை புறப்படும் போதெல்லாம் தடுத்துப் பார்த்து, 1886 ஜூன் மாதம் அங்கேயே இறந்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுமதி கிடைத்த செய்தி அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது வந்தது என்று அபூசா சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

என் தாத்தா சைக்கிள்கூட இல்லாமல் ஐந்து ஊர்களுக்கு நடந்தவர். மாதாந்திர அறிக்கையில் ஐயர் பெயர் இருக்கும், சில சமயம் 'உபதேசியார் ஒருவர்' என்று இருக்கும். நான் லிவிங்ஸ்டோனியாவைப் பற்றிப் படித்தபோது லாஸின் பெயரை அடிக்கோடிட்டேன், கோயியின் பெயரை ஒரு வரியில் கடந்து போயிருக்கிறேன். அதை இன்று வண்டியில் உட்கார்ந்து வெட்கத்தோடு உணர்ந்தேன். ஸ்காட்லாந்தின் ஈகையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. என்னை வளர்த்ததும் அந்த ஈகைதான். ஆனால் பக்கத்து மொழிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தபோது திறந்த கதவு, மருந்துப் பெட்டியால் திறக்கவில்லை.

ஆறாம் நாள், சனி: ஏரியும் மலையும்

ம்சூசுவை விட்டு எக்வெண்டெனி மிஷனைக் கடந்து, தெற்கு ருக்குரு ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் சாலை, திடீரென்று ஓரிடத்தில் முடிந்துவிட்டது போலத் தோன்றி வலப்பக்கம் ஏரி விரிந்தது. 580 கிலோமீட்டர் நீளம் உள்ள ஏரியை ஏரி என்று சொல்ல என் வாய் வரவில்லை. அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, எதிர்க்கரையில் தான்சானியாவின் மலைகள் புகைபோலத் தெரிகின்றன. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து உப்பை மட்டும் எடுத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

சிதிம்பா என்ற கரையூரில் மீன் காயப்போட்டிருந்தார்கள். கழிகளை நட்டு, நாணல் தட்டி பரப்பி, அதன்மேல் விரல் நீளமுள்ள வெள்ளி மீன்கள். இவர்கள் உசிபா என்கிறார்கள். பார்வைக்கு நெத்திலிக் கருவாடுதான். ஒரு பெண் கைநிறைய அள்ளி, காய்ந்ததும் காயாததும் எது என்று சலசலப்பிலேயே காட்டினார். காய்ந்தது சிறு கூழாங்கல் போல ஒலிக்கிறது. இந்தப் பகுதி மொழியான தும்புகாவில் நான் கற்றுக்கொண்ட ஒரே நன்றிச் சொல்லான "யெவோ"வைச் சொன்னேன். ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

இங்கிருந்து மலையேற்றம். ஏரி கடல் மட்டத்துக்கு 474 மீட்டர் மேலே இருக்கிறது. அதற்கும் ஏறக்குறைய 900 மீட்டர் மேலே லிவிங்ஸ்டோனியா. 20 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பகுதி கல்லும் மண்ணுமான பாதை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருமுறை நின்று, பின்வாங்கி, மறுபடி திரும்புகிறது. ஏரிக்கரையின் காய்ச்சல் எத்தனையோ பேரைப் புதைத்த பிறகுதான் மிஷன் இந்த உயரத்துக்கு வந்தது. முதல் நிலையமான கேப் மக்ளியரை 1881இல் விட்டுப் பண்டாவேக்குப் போனார்கள். 1894இல் பண்டாவேயிலிருந்து கொண்டோவே என்ற இந்த மேட்டுக்கு வந்தார் லாஸ். வந்த பிறகு பள்ளி, தொழிற்கூடம், அச்சுக்கூடம், மருத்துவமனை என ஒரு ஊரையே கட்டினார். 1900களின் முதல் பத்தாண்டிலேயே இங்கே குழாய்த் தண்ணீரும் நீர்மின்சாரமும் இருந்தன. லாஸ் 1927 வரை, 52 ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தார்.

மேலே வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. குளிர் எலும்பில் தைத்தது. பெட்டியைப் பற்றி இன்னும் செய்தி இல்லை.

ஏழாம் நாள், ஞாயிறு: எபேசியர் 2:14

ஆராதனை மூன்று மணி நேரம் நடந்தது. பாடல்களின் வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியவில்லை, ஆனால் அவற்றில் சில ஐரோப்பிய மெட்டு அல்ல என்பது முதல் அடியிலேயே தெரிந்தது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, சபை கீழ்ச்சுருதியிலிருந்து எழுந்து அதை வாங்கிக்கொள்கிறது. ந்கோனி மக்களின் பழைய பாட்டு மெட்டுகளில் அவர்களே கட்டிய கீர்த்தனைகள் அவை. மிஷனரி டொனால்டு ஃபிரேசர் அவற்றை ஊக்குவித்துத் திரட்டினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சுருதிப்பெட்டியோடு பாடி வளர்ந்தவளுக்கு இது அந்நியமாக இல்லை. ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில், இந்த ஊருக்குப் பெயர் தந்த மிஷனரிப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனும் அவருடைய ஆப்பிரிக்கத் துணைவர்களும் ஏரியின் முன் நிற்கிறார்கள்.

ஆராதனைக்குப் பிறகு, லாஸ் வாழ்ந்த கல் வீட்டின் பக்கம் உள்ள புல்வெளிக்கு அழைத்துப் போனார்கள். தரையில் வெள்ளையடித்த கற்கள், பெரிய எழுத்துகளாக அடுக்கப்பட்டு, மேலிருந்து பார்ப்பவருக்கு வாசிக்கும்படி இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'எபேசியர் 2:14'. 1959இல் நியாசாலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், அவசரநிலை அறிவிக்கப்பட்டது. விடுதலை கேட்ட மக்களைக் காலனி அரசு கைது செய்தது, பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்த மலையில் இருந்த வெள்ளைக்கார மிஷனரிகளின் பாதுகாப்புக்காக ஒரு சிறு விமானம் வந்து செய்தியைக் கீழே போட்டது. வெளியேற விரும்பினால் கற்களால் ஓர் அடையாளம் வையுங்கள், தங்க விரும்பினால் வேறோர் அடையாளம் வையுங்கள் என்று அதில் இருந்தது. அவர்கள் இரண்டையும் வைக்காமல் இந்த வசனத்தின் எண்ணை வைத்தார்கள்.

என் தமிழ் வேதாகமம் கைப்பையில் இருந்தது. அங்கேயே நின்று திறந்து வாசித்தேன். இருதிறத்தாரையும் ஒன்றாக்கி, நடுச்சுவரைத் தகர்த்தவரைப் பற்றிய வசனம். உடன் வந்த முதியவர் ஒருவர் என்னைத் தமிழிலேயே சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதே வசனத்தை அவர் தும்புகாவில் மனப்பாடமாகச் சொன்னார். பஞ்சம், துப்பாக்கி, சிறை என்று வரும்போது ஓர் ஊழியக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் அவர் செய்த எல்லாப் பிரசங்கத்தையும் பின்னாளில் நிலைநிறுத்துகிறது அல்லது அழிக்கிறது என்று நான் நம்புகிறேன். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர் அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காத்துவருவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எட்டாம் நாள், திங்கள்: மருத்துவமனை

மலாவியில் மருத்துவச் சேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மிஷன் மருத்துவமனைகள்தான் தாங்குகின்றன. டாக்டர்கள் மிகக் குறைவு. கிளினிக்கல் ஆபீசர் எனப்படுவோர், மூன்று ஆண்டு படிப்பும் ஓர் ஆண்டு பயிற்சியும் பெற்று, சிசேரியன் அறுவை உட்படப் பலவற்றையும் செய்கிறார்கள். நோயாளிக்குத் துணையாக வருபவரைக் கார்டியன் என்கிறார்கள். அவரே சமைத்துத் தருகிறார், துவைக்கிறார், இரவு காத்திருக்கிறார். வார்டுகளுக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஒரு கொட்டகை. கல்லடுப்புகளின் வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு பானை, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ந்சிமா கிளறும் தாய்மாரும் அத்தைமாரும். எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரி வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் கூட்டம்தான் இது, கூரையும் அடுப்பும் கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

பிரசவ வார்டின் மூத்த மருத்துவச்சிக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். என் பெட்டி வராததையும், அதிலிருந்த பாடப் பொருள்களையும் வருத்தத்தோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு துணிக் குழந்தையை எடுத்து என் கையில் வைத்தார். இங்கே பெண்கள் இடுப்பில் சுற்றும் சிதென்ஜே துணியில் தைத்தது. பல கைகள் பட்டு மங்கியிருந்தது. "கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தொடுங்கள், சிஸ்டர்" என்றார். தொட்டேன். தடித்த நூலால் மண்டையோட்டின் பொருத்துகளை வரம்பாகத் தைத்திருந்தார். முன் உச்சிக்குழி சாய்சதுரமாகவும், பின் உச்சிக்குழி சிறு முக்கோணமாகவும் விரலுக்குத் தட்டுப்பட்டன. பிரசவ நேரத்தில் உள்ளே போகிற விரலுக்குக் கண் கிடையாது. குழந்தை எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்பதை அந்த இரண்டு வடிவங்களைக் கொண்டுதான் அறிய வேண்டும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு எத்தனை ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன்! நான் மூன்று மாதம் தைத்த குழந்தையின் தலை வழவழப்பாக இருந்தது. இந்த யோசனை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நூலை எப்படி இரட்டையாக முறுக்கினார் என்று கேட்டேன். ஊசியையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காட்டினார். முதல் முக்கோணம் எனக்குக் கோணலாக வந்தது. பிரித்து, மறுபடியும் தைக்கச் சொன்னார்.

நாளை காலை ஏழரை மணிக்கு வார்டில் முதலில் ஒரு பாட்டு, பிறகு ஜெபம், அதன்பின் இரவுப் பணியில் இருந்தவர்களின் அறிக்கை. நான் இரண்டாவது வரிசையில் மாணவிகளோடு நிற்க வேண்டும்.